புது மினி வரும்வரை காத்திருப்பதா, இருப்பதை வாங்குவதா? – மேக் மினி கேள்வி பதில்

மேக் மினி என்பது திரையில்லாமல் வரும் ஆப்பிளின் சின்ன மேசைக் கணினி. அதைப் பற்றித் தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கத்து அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே ஒரே மூச்சில் பதில். எல்லாம் 2025 டிசம்பர் நிலவரம்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): அண்ணா, ஆப்பிளின் புது எம்5 சில்லு அக்டோபரிலேயே 14 அங்குல மேக்புக் ப்ரோவில் வந்துவிட்டது. மினியில் இன்னும் எம்4தான். ரொம்பத் தாமதம் பண்ணுகிறார்களே?

பதில்: தாமதம் என்று இப்போதே சொல்ல முடியாது. மினி வந்த மாதங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 2012 அக்டோபர், 2014 அக்டோபர், 2018 அக்டோபர், 2020 நவம்பர், 2023 ஜனவரி, 2024 அக்டோபர். நடுவில் இருக்கும் நான்கு வருடப் பள்ளத்தை விட்டுவிட்டால், மற்ற இடைவெளி எல்லாம் 21 மாதத்துக்கும் 26 மாதத்துக்கும் நடுவில்தான். எம்4 மினி வந்து 14 மாதம் ஆகிறது. பழைய நடையிலேயே போனால் அடுத்தது 2026 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் விழ வேண்டும். இது கணக்குதான், வாக்குறுதி இல்லை. எம்3 சில்லு மினிக்கு வரவே இல்லை என்பதை மறக்க வேண்டாம். எம்2விலிருந்து நேரே எம்4க்குத் தாண்டினார்கள்.

தாமதம் என்றால் 2014க்குப் பிறகு நடந்ததுதான். 1,475 நாள்! 2017 அக்டோபரில் டிம் குக் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் போட்டார்: மினிக்கு எங்கள் வரிசையில் முக்கியமான இடம் உண்டு என்று. அந்தப் பதிலுக்குப் பிறகும் ஒரு முழு வருடம் போனது.

கேள்வி (ஃபீனிக்ஸ்): எப்போது வந்தாலும் புதுசு நன்றாகத்தானே இருக்கும்? பொறுத்தார் பூமி ஆள்வார் இல்லையா?

பதில்: 2014இல் பொறுத்தவர்கள் எதையும் ஆளவில்லை. 2012 மினியில் நான்கு கோர் (கணக்குப் போடும் மூளை) கொண்ட இன்டெல் ஐ7 சில்லு கிடைத்தது, மூடியைத் திறந்து ரேமை நாமே மாற்றலாம். இரண்டு வருடம் கழித்து வந்த 2014 மினியில் எவ்வளவு காசு கொடுத்தாலும் இரண்டு கோர்தான். ரேமும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டது. எல்லா கோரும் சேர்ந்து செய்கிற வேலையில் பழைய மினியே முந்தியது. தொடக்க விலை 599 டாலரிலிருந்து 499க்கு இறங்கியது ஒன்றுதான் லாபம்.

இந்தத் தடவை இன்னொரு விஷயமும் உண்டு. உலகச் சந்தையில் ரேம் சில்லு விலை இந்த ஆண்டுக் கடைசியில் கடுமையாக ஏறிவிட்டது, ஏஐ கணினிக் கூடங்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. அடுத்த மினி இதே விலையில் 16 ஜிபி ரேமோடு வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (மெரிபேங்க்): என்னிடம் 2014 மினி, 8 ஜிபி ரேம். ஆன் ஆக ஐந்து நிமிடம், மெயில் திறக்க ஒரு நிமிடம். புது மாடல் வரும்வரை ஓட்ட வழி உண்டா அண்ணா?

பதில்: உண்டு. குற்றவாளி சில்லு இல்லை, உள்ளே நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க். பெட்டியைத் திறக்காமலே இதைச் சரிசெய்யலாம். 500 ஜிபி யுஎஸ்பி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு) ஒன்று வாங்கிப் பின்பக்கத்து யுஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம். டிஸ்க் யுடிலிட்டியில் முதலில் ‘வியூ’ பட்டியலுக்குப் போய் ‘ஷோ ஆல் டிவைசஸ்’ தேர்ந்தெடுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் பிறகு ‘இந்த டிஸ்கில் நிறுவ முடியாது’ என்று வருகிறது: டிஸ்குக்குள் இருக்கும் பகுதியை மட்டும் அழித்திருப்பார்கள், டிஸ்கின் அட்டவணை பழைய விண்டோஸ் முறையிலேயே கிடக்கும். இடப்பக்கம் மேலே தெரியும் டிஸ்கின் பெயரையே தொட்டு அழியுங்கள். வகை ஏபிஎஃப்எஸ், அட்டவணை ஜியுஐடி. பிறகு மேக் இயங்குதளமான மான்டரேயை அதில் நிறுவி, ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மறுபடி ஆன் செய்து, எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுங்கள். கடைசியாக ‘ஸ்டார்ட்டப் டிஸ்க்’ அமைப்பிலும் அதையே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அரை நிமிடமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: 2014 மினிக்கு மான்டரேதான் கடைசி, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. கடிதம் தட்ட, பாட்டுக் கேட்க இருக்கட்டும். வங்கி வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மினியில் இருப்பது 4 ஜிபி ரேம் என்றால் எஸ்எஸ்டிக்கும் செலவழிக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கேள்வி (டோங்காட்): எங்கள் வீட்டில் 2012 மினி. ரேம் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம். டிடிஆர்3 1600, லேப்டாப் அளவு, 8 ஜிபி இரண்டு. வயரைப் பிடுங்கி, மினியைத் துணியின் மேல் கவிழ்த்து, கறுப்பு மூடியின் இரண்டு குழிவிலும் கட்டைவிரலை வைத்து இடஞ்சுழியாகத் திருப்பினால் மூடி வந்துவிடும். இரண்டு ரேமும் மேலேயே தெரியும். பக்கத்துக் கொக்கிகளை விலக்கினால் ரேம் தானே எழும்பும். புதியதைச் சாய்வாகச் செருகி, தங்கப் பல் மறையும்வரை தள்ளி, பிறகு அமுக்குங்கள். ஆன் செய்ததும் மூன்று முறை பீப் அடித்தால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். டிஸ்கையும் மாற்றப் போகிறவர்கள் ஆன்டெனா தட்டை வெடுக்கென்று தூக்கக் கூடாது. வைஃபை வயர் அதன் ஓரத்திலிருந்து போர்டுக்குப் போகிறது, அந்தச் சின்ன முனை பிய்ந்தால் ஒட்டுவது பெரும்பாடு.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): இன்றைக்கு எம்4 வாங்கி, அடுத்த வாரமே எம்5 வந்தால் வயிற்றெரிச்சல் தாங்காது. திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: ஆன்லைனில் வாங்கினால் முடியும். 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம், 44ஆம் பிரிவு: பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பிரித்த மென்பொருளுக்கும் பாட்டு, படத் தட்டுகளுக்கும் விலக்கு உண்டு, கணினிக்கு இல்லை. கடைக்குள் நடந்து போய் வாங்கினால் இந்த உரிமை கிடையாது. அந்தக் கடையின் சொந்த விதிதான் செல்லும். பழுதான பொருள் வேறு கதை: 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் என்றால் பழுதுபார்ப்பா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை.

கேள்வி (லெனேசியா): துபாயிலிருந்து மச்சான் வருகிறார். அங்கே வாங்கி வரச் சொன்னால் மிச்சமாகுமா?

பதில்: கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். பயணிக்கு 5,000 ராண்ட் வரை வரியில்லை; அதற்கு மேல் 20,000 ராண்ட் வரை ஒரே விகிதமாக 20 சதவீதம். ரசீது 11,000 ராண்ட் என்றால் 6,000க்கு வரி 1,200. மச்சான் வேறு பொருளும் கொண்டுவந்தால் அந்த 5,000 சலுகை அதற்கே போய்விடும். கூரியரில் வரவழைத்தால் கணினிக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, மதிப்புக் கூட்டு வரி (வாட்) உண்டு. பொருளின் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, அந்தத் தொகைக்கு 15 சதவீதம்: 10,000 ராண்ட் பொருளுக்கு 1,650. அதற்கு மேல் கூரியர்காரரின் கட்டணம்.

மின்சாரம் பிரச்சினையில்லை, எந்த நாட்டு மினியும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எட்டு வடிவ முனை கொண்ட வயரை மட்டும் நம் ஊர் பிளக்கோடு வாங்கினால் போதும். பருத்த டிராவல் அடாப்டரைத் தொங்கவிட்டு வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். தளர்ந்த பின்னில் பொறி பறக்கும்.

கேள்வி (சாட்ஸ்வர்த், வீட்டிலிருந்து கணக்கு எழுதுபவர்): லோட் ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) திரும்பினால் எந்த யுபிஎஸ் தாங்கும்?

பதில்: மினியின் பெரிய பலமே இங்கேதான். ஆப்பிள் தரும் அளவு: எம்4 சும்மா இருக்கும்போது 4 வாட், முழு வேகத்தில் 65. எம்4 ப்ரோ 140 வரை போகும். 2018 இன்டெல் மினி சும்மா இருக்கவே 20 வாட் தின்னும். கணக்கு எழுதுகிற வேலைக்கு மினி 10, 24 அங்குலத் திரை 25, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் 15 என்று வையுங்கள்: மொத்தம் 50 வாட்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் யுபிஎஸ்ஸுக்குள் ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி இருக்கும். காகிதத்தில் 84 வாட்-மணி. வேகமாக இழுக்கும்போதும் இன்வெர்ட்டரிலும் பாதி போய்விடும். முக்கால் மணி நேரம் வரும், இரண்டு மணி நேர வெட்டுக்குப் பற்றாது. முழுசாக ஏற ஆறு முதல் எட்டு மணி ஆகும். ஒரே நாளில் இரண்டு மூன்று வெட்டு வந்தால் அரைகுறையாக ஏறி ஏறி ஒரு வருடத்தில் பேட்டரி செத்துவிடும். 256 வாட்-மணி லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் பேட்டரிப் பெட்டி வாங்குங்கள்: இழப்பு போக சுமார் 215, இதே சுமைக்கு நான்கு மணி நேரம். வாங்குமுன் அது யுபிஎஸ் மாதிரி உடனே மாறுமா என்று கேளுங்கள். சிலவற்றில் மாறும் நொடியில் மினி அணைந்துவிடும்.

கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும்போது அடிக்கும் அதிர்ச்சிதான் ஆபத்து. சர்ஜ் பிளக் கட்டாயம். ஜோஹானஸ்பர்க் கோடை இடியில் அதுவும் காக்காது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘எனர்ஜி’ பகுதிக்குப் போய், மின்தடைக்குப் பிறகு தானே ஆன் ஆகும் வசதியைப் போட்டுவிடுங்கள். எம்4 மினியின் பவர் பொத்தான் அடிப்பக்க மூலையில் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் தூக்க வேண்டாம்.

கேள்வி (லாடியம்): பழைய எம்1 அல்லது எம்2 மினி வாங்கி இடைக்காலத்தை ஓட்டலாமா?

பதில்: என்னைக் கேட்டால் காத்திருப்பவர்களுக்கு இதுதான் நல்ல வழி, ஆனால் 16 ஜிபி ரேம் உள்ளதாகப் பாருங்கள். எம்2வில் 256 ஜிபி டிஸ்க் மாடலைத் தவிர்க்கலாம்: ஒரே ஒரு சேமிப்புச் சில்லு வைத்ததால் அதன் படிக்கும் வேகம் எம்1இல் ஏறக்குறையப் பாதி. 2018 இன்டெல் மினி மலிவாக வரும், வாங்காதீர்கள். 2025 மேக் இயங்குதளமான டஹோ அதில் ஏறாது.

பணம் கொடுக்கும்முன் ஒரு சோதனை. விற்பவர் முன்னாலேயே ‘எரேஸ் ஆல் கன்டென்ட்’ கொடுத்து முழுசாக அழித்து, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் அமைப்பை முடித்துப் பாருங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு திரை வந்தால் அது ஏதோ கம்பெனியின் பெட்டி. பூட்டைக் கம்பெனிதான் திறக்க முடியும். பழைய உரிமையாளரின் ஆப்பிள் கடவுச்சொல் கேட்டாலும் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். இணையம் இல்லாமல் செய்து காட்டும் சோதனை செல்லாது.

கேள்வி (ஃபீனிக்ஸ், கோயில் குழு): எங்கள் காவடி அறிவிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. மேக்கில் திறக்குமா ஐயா?

பதில்: எழுத்துருக் கோப்பை நிறுவினால் தெரியும். பாமினி என்பது ஆங்கில எழுத்துக் குறிகளின் மேல் தமிழ் உருவம் போர்த்திய ஏற்பாடு. விண்டோஸ், மேக் வித்தியாசம் அதற்கு இல்லை. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மட்டும் ‘mk;kh’ போன்ற குப்பையாக வரும், அதனால் புதிதாக எழுதுவதை யூனிகோடிலேயே எழுதுங்கள். தமிழ்99, அஞ்சல் கீபோர்டுகள் மேக்கின் உள்ளேயே இருக்கின்றன.

திரையையும் கவனியுங்கள். எழுத்தை மெருகேற்றும் பழைய முறையை 2018இல் மேக் கைவிட்டது. 27 அங்குல ஃபுல் எச்டி திரையில் ‘ணை’, ‘ளூ’ மாதிரி சுழி நிறைந்த எழுத்துகள் பஞ்சடைந்த மாதிரி தெரியும், புது மினி வாங்கியவர்கள் மினியைத் திட்டுவார்கள். 24 அல்லது 27 அங்குல 4கே திரை வைத்தால் அந்தக் குறை போய்விடும்.

கேள்வி (டர்பன் பிளஃப்): 256 ஜிபி எம்4 போதுமா? ஆப்பிளிடம் டிஸ்க் கூட்டினால் விலை கண்ணைக் கட்டுகிறது.

பதில்: ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, டிஸ்கை வெளியே கூட்டலாம். எனவே ஆப்பிளிடம் காசு கொடுப்பதென்றால் ரேமுக்குக் கொடுங்கள். இப்போதிருக்கும் மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டர் திறந்து, மெமரி பகுதியில் வேலை நேரத்து வரைபடத்தைப் பாருங்கள். பச்சையாகவே இருந்தால் 16 ஜிபி தாராளம். வெளி எஸ்எஸ்டி வாங்கும்போது ‘20 ஜிகாபிட்’ என்று எழுதியதற்கு அதிகம் கொடுக்காதீர்கள், எம்4 அந்த வகையை ஏற்காமல் 10க்கு இறங்கிவிடும். ஒன்று 10 ஜிகாபிட், இல்லையென்றால் பின்பக்கத் துளைக்கு 40 ஜிகாபிட் யுஎஸ்பி4. போட்டோ தொகுப்பை அதற்கு மாற்ற, டிஸ்கை ஏபிஎஃப்எஸ் ஆக வைத்துக்கொள்ளுங்கள், எக்ஸ்ஃபேட்டில் ஏற்காது.

பிளஃப் என்பதால் ஒன்று: கடல் காற்றின் உப்பு எதையும் விடாது. எம்4 மினி அடிப்பக்கம்தான் மூச்சு விடும். ஜன்னல் ஓரத்தில் வேண்டாம், மேசைத் துணியின் மேலும் வேண்டாம். கரப்பான் பூச்சிக்குச் சூடான இடம் பிடிக்கும் என்பதால் மாதம் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள்.

கேள்வி (மெரிபேங்க்): மேக்கே வேண்டாம். விண்டோஸ் 10 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, சின்னப் பெட்டி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: அலுவலகக் குத்தகை முடிந்து வரும் லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறாது. ‘ஐ5’ என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். அதற்குப் பின்னால் வரும் எண் 8, 9, 10 என்று 8இலோ அதற்கு மேலோ தொடங்குகிறதா பாருங்கள். அசல் அடாப்டரும் சேர்ந்தே வர வேண்டும். வாட் குறைந்த அடாப்டர் மாட்டினால் டெல் பெட்டி நின்றுவிடாது, ஆனால் சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சில்லு பழசு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.