தோசை மட்டும் சுடலாமா?

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு ஒரு வருடமாக வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். அன்றாட வேலைகளுக்குள்ளேயே எல்லாப் பாடமும் இருக்கிறது என்று நம்பித்தான் இறங்கினோம். சமையலில் கணக்கு, தோட்டத்தில் அறிவியல், சந்தையில் பொருளாதாரம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போன வாரம் தோசை ஊற்றும்போது, "இதோட விட்டம் எவ்வளவு, சுற்றளவு எவ்வளவு?" என்று கேட்டேன். "அம்மா, இன்னிக்கு தோசை மட்டும் சுடலாமா?" என்றாள். சுருக்கென்றது. என் மாமியார் வேறு தினமும் "புள்ள இன்னிக்கு என்ன படிச்சா?" என்கிறார். பதில் சொல்ல வருவதில்லை. நாங்கள் செய்வது சரிதானா? பின்னால் பரீட்சைக்கு என்ன செய்வது?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த அட்டவணையைக் கிழித்துவிடுங்கள்.

தோசையின் விட்டத்தை யாரும் அளப்பதில்லை. அது உங்கள் மகளுக்கும் தெரியும். வேலைக்குத் தேவைப்படாத கேள்வியை வேலைக்குள் நுழைத்தால் குழந்தைகள் உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் சீருடையைக் கழற்றிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

தோசைக்கென்று சொந்தக் கேள்விகள் இருக்கின்றன. நாலுக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போடுகிறீர்கள். விருந்தாளி வந்து ஆறு டம்ளர் அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு? அதைத் தப்பாகச் சொன்னால் மறுநாள் இட்லியே சொல்லிக்காட்டும். மார்கழியில் மாவு ஏன் பொங்குவதில்லை? உளுந்தோடு வரும் லியூகோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. அதனால் மாவு எழும்புகிறது. கூடவே லாக்டிக் அமிலம் உண்டாவதால் புளிக்கிறது. குளிரில் அவற்றின் வேலை மந்தமாகிவிடும். இதையெல்லாம் நீங்கள் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். மாவு பொங்காத ஒரு காலையில் "ஏன்?" என்று அவளே கேட்பாள். அப்போது ஒரே மாவை இரண்டு பாத்திரத்தில் ஊற்றி, ஒன்றை அடுப்புப் பக்கத்திலும் மற்றொன்றை ஜன்னலோரத்திலும் வைத்து, மாவு மட்டத்துக்கு வெளியே பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். காலையில் கோட்டைத் தாண்டி எது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்கட்டும். இந்த அளவுக்குத் தேவை இருக்கிறது. விட்டத்துக்கு இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், வீட்டுக்கல்வி நண்பர்கள் சிலருக்கு இது பிடிக்காது. வேலையைச் செய்தாலே பாடம் தானாக வந்துவிடாது.

என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். துவரம்பருப்பு கிலோ 12 ரூபாய் விற்ற காலம். 350 கிராம் என்று ஆள் கேட்டு முடிக்குமுன் நாலு ரூபாய் இருபது பைசா என்பேன். காலுக்கு மூணு, நூறு கிராமுக்கு ஒண்ணு இருபது. அதே பையன் வகுப்பில் 0.35 × 12 என்று கரும்பலகையில் பார்த்தால் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் 42 என்று எழுதி முட்டி போடுவான். கடையில் போடுவதும் இதுவும் ஒரே கணக்குதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அக்கா பொட்டலம் மடிக்கும் தாளின் பின்பக்கம் நான் மனசுக்குள் போட்ட கணக்கை அப்படியே எழுதி, அதன் கீழே 0.25, 0.10 என்று பள்ளிக்கூட பாஷையிலும் எழுதிக் காட்டினாள். அன்றைக்குத்தான் இரண்டும் ஒட்டியது.

இது என் கதை மட்டுமல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களை டெரசின்யா நூனெஸும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து 1985-இல் எழுதினார்கள். வியாபாரத்தில் 98 சதவீதம் சரியாகச் சொன்ன பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரியாகப் போட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைச் சிறுவர்களிடம் செய்து 2025-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே இடைவெளி தெரிந்தது. மறுபக்கமும் உண்டு: பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

ஆகவே தோசை சுடும்போது தோசை மட்டும் சுடுங்கள். சாயங்காலம் ஒரு இருபது நிமிடம், காலையில் அவள் வாயால் சொன்ன கணக்கைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். உங்கள் வீட்டு கிரைண்டர் 150 வாட் என்றால், 40 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. 750 வாட் மிக்ஸி எட்டே நிமிடத்தில் அதே மின்சாரத்தை இழுத்துவிடும். இதை அவளே கண்டுபிடித்தால் ஈ.பி. கார்டு கதைப்புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

அன்றாடத்தில் கிடைக்காதவையும் உண்டு. நீண்ட வகுத்தல் எந்தச் சமையலிலும் வராது, உட்கார்ந்து போட்டுத்தான் பழக வேண்டும். நாற்பது பக்கம் விடாமல் படிப்பதும் அப்படித்தான். அதற்குக் கொஞ்சம் கண்டிப்பு இருந்தால் தப்பில்லை.

பரீட்சையைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம்.

மாமியார் விஷயம். அவரிடம் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் பேத்தியை அவரிடமே அனுப்புங்கள். பரணில் அரிசி அளக்கும் பழைய படி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். ஆழாக்கு இரண்டு சேர்ந்தால் உழக்கு, உழக்கு இரண்டு உரி, உரி இரண்டு படி. அதாவது அரைக்கால், கால், அரை, ஒன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியில் மனப்பாடம் செய்த பின்னங்கள் அரிசிப்பானைக்குள் கையோடு கிடந்தன. 1957-இல் ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தது, பிறகு எடையும் அளவும் மெட்ரிக்குக்கு மாறின. ஆனாலும் வீட்டுக்குள் படி போகவில்லை. ஏன் என்று உங்கள் மாமியாருக்குத்தான் தெரியும். ஊருக்கு ஊர் படியின் அளவு வேறு என்பதால் உங்கள் படி எத்தனை மில்லி பிடிக்கிறது என்பதைத் தண்ணீர் ஊற்றித்தான் பார்க்க வேண்டும்.

படி கிடைத்ததா, எத்தனை மில்லி என்று அவளையே எழுதச் சொல்லுங்கள். என் வீட்டுப் படியையும் அளந்து வைக்கிறேன்.