பிள்ளைகளுக்கு இல்லம் ஆரம்பிக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் சபை வாலிபர் ஆறு பேர் ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போனோம். அன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறோம், பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது விடமாட்டோம் என்று அழுதார்கள். அன்றைக்கு வந்த பாரத்தில்தான், சபைக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழைக் குடியிருப்பில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினோம். 30 பிள்ளைகள் வருகிறார்கள், பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்ல. பாட்டு, வேதாகமக் கதை, வீட்டுப்பாடம், விளையாட்டு என்று போகிறது. இப்போது ஆறு பேரில் மூன்று பேர்தான் ஒழுங்காக வருகிறோம். "கணக்குச் சொல்லிக்கொடுப்பதா ஊழியம்? எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்று ஒரு மூப்பர் கேட்கிறார். நன்றாகப் பாடுகிற 13 வயதுப் பையன் ஒருவன் இரண்டு மாதமாக வரவில்லை, வேலைக்குப் போகிறானாம். இதற்கிடையில் சபையில் வசதியான ஒருவர், தன் பழைய கட்டடத்தைத் தருகிறேன், பிள்ளைகளைத் தங்கவைத்து இல்லமாக நடத்துங்கள் என்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கிவிடலாமா, அக்கா? இது தேவனுடைய அழைப்புதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, கட்டடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குத்தான் நீங்கள் சீக்கிரம் பதில் சொல்லியாக வேண்டும். வேண்டாம் என்று சொல்லுங்கள். கொடுக்க வந்தவர் மனம் நோகாமல், நன்றியோடு சொல்லுங்கள். அவருடைய உதவியை வேறு வழிக்குத் திருப்பலாம், அதைப் பின்னால் சொல்கிறேன். பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம் மட்டும் வேண்டாம்.

உங்களை இந்த வழிக்குக் கொண்டுவந்த அந்தக் கிறிஸ்துமஸ் நாளையே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். முன்பின் தெரியாத ஆறு பேரைப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள் என்கிறீர்கள். அம்மாவிடம் வளரும் சின்னக் குழந்தை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மாவுக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும். அம்மா சிரித்துப் பேசுவதைப் பார்த்த பிறகுதான் மெல்லப் பக்கத்தில் வரும். யார் வந்தாலும் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்குப் பெரும்பாலும் அப்படித் திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருப்பதில்லை. விடுதிகளில் வளரும் சிறு குழந்தைகளிடம் இந்தப் பழக்கத்தை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கவனித்திருக்கிறார்கள். அதைப் பாசம் என்று நினைத்து நாம் நெகிழ்ந்துபோகிறோம். நானும் அப்படி நெகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு வந்தவள்தான். அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒரு சிறுமியிடம் சொன்னேன். போகவில்லை. அவள் இப்போது பெரியவளாகியிருப்பாள். அந்தப் படத்தை நான் யாரிடமும் காட்டுவதில்லை.

ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி முடிந்தபோது அரசு விடுதிகளில் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் கிடந்தார்கள். 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு ஒரு நீண்டகால ஆய்வு தொடங்கியது. குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள், மீதிப் பேர் வழக்கம்போல விடுதி பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் உறவிலும் நன்றாகத் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். கட்டிலும் உடையும் சோறும் விடுதியிலும் கிடைத்தன. தன்னுடையவர் என்று சொல்ல ஒருவர்தான் கிடைக்கவில்லை.

உலகம் முழுவதும் "அநாதை இல்லம்" என்ற பலகைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார். வறுமைதான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகிறது. வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. விடுதிகளைப் படிப்படியாகக் குறைத்துக் குடும்பப் பராமரிப்புக்கு மாற வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் தீர்மானித்தது. உங்கள் வகுப்புக்கு வரும் 30 பேரும் இரவில் ஒரு வீட்டுக்குத்தானே திரும்பிப் போகிறார்கள்? வீடு ஒழுகலாம், அப்பா குடிக்கலாம். அதற்கு வேறு உதவிகள் உண்டு. நீங்கள் இல்லம் திறந்தால், கஷ்டப்படுகிற ஒரு தாய்க்கு "பிள்ளையை இங்கே விட்டுவிடு" என்பதே முதல் யோசனையாக வந்து நிற்கும்.

இங்கிலாந்தில் ஜார்ஜ் முல்லர் அநாதை இல்லம் நடத்தவில்லையா என்று கேட்பீர்கள். நம் சபைகளில் அவர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1836இல் பிரிஸ்டலில் 30 சிறுமிகளோடு அவர் தொடங்கினார். தாய் தகப்பன் இருவரையும் சாவில் பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்றே அந்த இல்லத்தை வைத்திருந்தார் என்பதை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. வந்த காணிக்கைக்கெல்லாம் கணக்கு எழுதி அச்சிட்டு வெளியிட்டார் என்பதையும் சொல்வதில்லை. ஜெபித்தார், ரொட்டி வந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

சரி, இல்லம் இல்லையென்றால் என்ன செய்வது? யாக்கோபு நிருபத்தில் 1:27ஐ எடுத்துப் பாருங்கள். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் "விசாரிக்கிறது" என்றுதான் நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. எனக்குப் பிடித்த சொல் அது. வீட்டுக்குப் போய், திண்ணையிலோ வாசற்படியிலோ உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய், காய்ச்சல் விட்டதா, அம்மாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பதுதான் விசாரிப்பது. அடுத்த வாரம் போகும்போது போன வாரம் கேட்டது நினைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது விசாரிப்பு ஆகாது. பாருங்கள், அந்த வசனத்தில் பிள்ளைகள் தனியாக இல்லை. தாய்மாரும் கூடவே இருக்கிறார்கள்.

ஏழைப் பையன்களுக்காக உழைத்த இத்தாலியக் குருவானவர் தொன் போஸ்கோ தன் ஊழியத்தின் தொடக்கமாக ஒரு நிகழ்ச்சியை எழுதிவைத்திருக்கிறார். 1841 டிசம்பர் 8, தூரின் நகரில் ஓர் ஆலயம். பூசைக்கு உதவத் தெரியாது என்று சொன்ன ஒரு பையனைக் கோயில் பணியாளர் அடித்து விரட்டிவிட்டார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் சொன்னார். பெயர் என்ன, அப்பா இருக்கிறாரா, அம்மா இருக்கிறாரா, என்ன வயது, எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெற்றோர் இல்லை, வயது 16, எழுத்துத் தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. விசில் அடிக்கத் தெரியுமா? பையன் சிரித்துவிட்டான். ஜெபம் கற்றுக்கொடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

போஸ்கோவிடம் வந்த பையன்கள் பலர் கொத்துவேலை, தச்சு வேலை என்று அலைந்தவர்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். 1850களின் தொடக்கத்தில் முதலாளிகளோடு எழுத்தில் ஒப்பந்தமே போட்டார்: தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்க வேண்டும், கூலி கொடுக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ஓய்வு நாளில் விட்டுவிட வேண்டும். தூரின் பையன்களைச் சிறையிலிருந்து தள்ளிவைத்ததில் பாட்டுக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். உங்கள் 13 வயதுப் பையனைப் பற்றிப் பேச வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

மூப்பரின் கேள்விக்குச் சண்டை போடாமல் ஒரு சின்ன வரலாறு சொல்லுங்கள். ராபர்ட் ரெய்க்ஸ் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளி நடத்தத் தொடங்கியபோது அங்கே முதல் பாடமே எழுத்துக்கூட்டிப் படிப்பதுதான். ஏன் ஞாயிறு? மற்ற ஆறு நாளும் அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். ஓய்வுநாளில் பாடம் நடத்துவதா என்று அப்போதும் கேட்டவர்கள் இருந்தார்கள். நம் மூப்பர் தனி ஆள் அல்ல, அவருக்குப் பழைய வம்சம் உண்டு. இதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்!

அவர் கேட்கும் எண்ணிக்கையைக் கொடுக்காதீர்கள். இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் கை தூக்குங்கள் என்றால் பத்து வயதுப் பிள்ளை கட்டாயம் தூக்கும், அண்ணனுக்குப் பிடிக்கும் என்று தூக்கும். பிற மதப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நீங்கள் என்ன கதை சொல்கிறீர்கள், என்ன பாட்டுப் பாடுகிறீர்கள் என்பது ஒவ்வொரு பெற்றோருக்கும் உங்கள் வாயாலேயே தெரிந்திருக்க வேண்டும். கதை நேரம் வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் கணக்குப் பாடமும் தின்பண்டமும் அதே அளவு கிடைக்க வேண்டும். பிள்ளையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், அதில் வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை 14ஆம் பிரிவில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பசியைக் காட்டி வாங்கும் ஆமென் யாருக்கு வேண்டும்?

மூன்று பேர்தான் மிஞ்சினோம் என்று வருத்தப்படுகிறீர்கள். எனக்கு அது குறையாகவே படவில்லை. ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரின் வீடும் அம்மா பெயரும் படிக்கிற வகுப்பும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வர முடியாத வாரத்தை முந்தின வாரமே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் சொல்லாமல் காணாமல் போவதை அவர்கள் ஏற்கனவே நிறையப் பார்த்திருப்பார்கள். அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் கடல் கடந்து இந்தியாவுக்கு வந்தார், 1951இல் தமிழ்நாட்டின் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அத்தனை வருடம் எல்லாராலும் முடியாது, சரி. ஐந்து வருடம் சனிக்கிழமைகளைக் கொடுக்க முடியுமா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு வேலையை விடத் தேவையே இல்லை. சொந்தச் சம்பளம் உள்ளவனுக்கு, அடுத்த காணிக்கைக்காகப் பிள்ளையை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லவைக்கும் கட்டாயம் வராது. அழைப்பா என்று கேட்டீர்கள். ஐந்து வருடம் கழித்து நீங்களே எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. போதகருக்கும் இதே விதிதான், உங்களுக்கும் இதே விதிதான். புதிதாக உதவ வருகிறவரை யார் என்று விசாரிக்காமல் சேர்க்காதீர்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். வறுமையைக் காட்டும் படத்தைச் சம்மதம் இருந்தாலும் போடாதீர்கள். தொடர்ந்து பக்கத்தில் இருந்தால் ஒருநாள் ஏதோ ஒரு பிள்ளை, தன்னை ஒருவர் தொடுகிறார், அடிக்கிறார் என்று உங்களிடம் சொல்லலாம். அப்போது பதறாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், அது பயிற்சி பெற்றவர்கள் வேலை. நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே அன்றே எழுதிவைத்து, குழந்தைப் பாதுகாப்புக்கு என்று சட்டம் வைத்திருக்கும் அலுவலர்களிடம் போங்கள். சபைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், எவ்வளவு ஜெபத்தோடு சொன்னாலும், கேட்காதீர்கள்.

கட்டடம் தருகிறவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். மாலையில் படிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு இரண்டு அறையும் விளக்கும் தாருங்கள், மீதியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் சில தாய்மாருக்கு ஒரு தொழில் பழகவோ பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ உதவுங்கள். தன் பெயர் போட்ட பலகை இல்லாமல் அவர் ஒத்துக்கொள்வாரா? ஒத்துக்கொண்டால் அவர் பெரிய மனிதர்தான். மாட்டேன் என்றால் கட்டடம் போகட்டும்.

இப்போது அந்தப் பையன். இந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள், உங்கள் மூன்று பேரில் இரண்டு பேராகப் போங்கள். வகுப்புக்கு ஏன் வரவில்லை என்று ஆரம்பிக்காதீர்கள், அவன் தலை குனிந்துவிடுவான். என்ன வேலை, எத்தனை மணிக்குப் போகிறான், கை காலில் காயம் உண்டா, கூலியை யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். அவன் சம்பாத்தியத்தில்தான் அடுப்பு எரிகிறதா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள். அப்படியென்றால் அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்று யோசித்த பிறகே பள்ளிக்கூடப் பேச்சை எடுக்க முடியும். அவன் வயதுக்கு அந்த வேலை சட்டப்படி கூடாது என்றால் பிள்ளைகள் நல அலுவலகத்தையும் ஆசிரியரையும் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் முதலில் அந்த அம்மாவோடு பேசிவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்க வேண்டாம். சனிக்கிழமை அவனுக்கு முடியாதென்றால் எந்த நாள் முடியும் என்று கேட்டுவிட்டு வாருங்கள். போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா