ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக மனு, முறையீடு என்று தன்னார்வமாக அலைவதால் உண்மையில் ஏதாவது நடக்குமா?

நடக்கும். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்குக் கோவையிலோ திருப்பூரிலோ வேலை, சனி ஞாயிறில் ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று எண்ணம், சரிதானே? போர்வை கொடுத்துப் போட்டோ எடுக்கிற கூட்டம் எங்கள் பக்கம் ஏற்கெனவே நிறைய. தாலுகா ஆபீசுக்குக் கூட வந்து நிற்கிற ஆள்தான் கிடைப்பதில்லை.

நான் வக்கீல் இல்லை, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். காங்கேயம் பக்கம் எனக்குத் தெரிந்த ஓர் ஆத்தா. வீட்டுக்காரர் போன பிறகு தோட்டத்தை ஒரே மகன் பேருக்குத் தான செட்டில்மென்ட் (பணம் வாங்காமல் சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக் கொடுத்துவிட்டார். மகனுக்குத் திருப்பூரில் பனியன் தொழில். மாதாமாதம் வந்துகொண்டிருந்தவர் அப்புறம் நோம்பிக்கு (பண்டிகைக்கு) மட்டும் வந்தார், பிறகு அதுவும் நின்றது. ஆத்தாவுக்குச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) ரேஷன் அரிசியும், பக்கத்துத் தோட்டத்தார் கொடுத்துவிடுகிற குழம்பும்தான்.

பெற்றோர் பராமரிப்புக்கு 2007லேயே சட்டம் இருக்கிறது, கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்றேன்.

"பெத்த பையன் மேல பிராது குடுக்கறதுங்களா சாமி? ஊரு சிரிச்சுப் போயிருமுங்க."

"போலீஸ் கேஸ் இல்லீங்காத்தா. சோத்துக்குக் கேக்கறதுதான்."

ஒத்துக்கொள்ள வைக்கவே ஒரு தீபாவளி போய்விட்டது. நிலத்தைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று ஆத்தாவின் நிபந்தனை வேறு. கேட்டிருந்தாலும் சிக்கல்தான். அந்தச் சட்டத்தின் 23வது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு, ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில் கொஞ்சம் இளகிப் பார்த்தார்கள். ஆத்தாவின் பத்திரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. உங்கள் வீட்டில் யாராவது எழுதப் போனால் அந்த வரியைச் சேர்க்காமல் கைநாட்டு வைக்க விடாதீர்கள்.

கோட்டாட்சியர் ஆபீசில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) மனுவை வாங்கவே இல்லை. "ஊர்ல பெரியவங்களை வெச்சுப் பேசி முடிச்சுக்கங்க" என்றார் ஒருவர். அந்தப் பெரியவர்கள் எல்லாம் மகன் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள். நான் சத்தம் போடவில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆத்தாவைக் கூட்டிப்போய்க் கலெக்டர் கையிலும் ஒரு நகலைக் கொடுத்தோம். அதற்கு மேல் அந்தக் காகிதத்தைக் காணவில்லை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். அதைவிட இழுத்தது, ஆனாலும் உத்தரவு வந்தது. பணம் இப்போது மாதாமாதம் ஆத்தாவின் பேங்க் கணக்கில் நேராக ஏறுகிறது. கையில் கொடுக்கிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள், இரண்டாவது மாதமே தகராறு வரும்.

எல்லா மகன்களையும் சொல்லவில்லை. கொங்குக்காரர்களைக் கேவலப்படுத்துகிறான் என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நானும் இதே மண்தான். அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்குகிற பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு நான் மனு எழுதப் போவதில்லை.

கொள்கை மாற்றம் என்று பெரிதாகப் போக நினைத்தால் இங்கே தொடங்கலாம்: மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் கேட்க முடியாது. அந்த வரம்பை எடுக்க 2019ல் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.

எழுதும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் முதியோருக்கு ஆணுக்கு 40, பெண்ணுக்கு 50 சதவீதம் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி எடுத்தார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. ஈரோட்டில் இருந்து சென்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக நான் முழு டிக்கெட் எடுக்கிறேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் எரிகிறது.

உடனே உதவி வேண்டுமென்றால் 14567, முதியோர் உதவி எண், கட்டணமில்லை. மற்றபடி நான் எந்தக் கட்சி என்று மட்டும் உள்பெட்டியில் கேட்க வேண்டாம். அதை ஆத்தாவின் மகனே கேட்டுவிட்டார்.