சந்தோஷமான ஊழியர் நன்றாக வேலை செய்வார் என்று ஆய்வுகள் நிரூபித்துவிட்டனவா?

நிரூபித்துவிட்டன என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன, சரி. ஆனால் எது எதற்குக் காரணம்? வேலை நன்றாகப் போவதால்கூட மனசு சந்தோஷமாக இருக்கலாம். ஒரே கேள்வித்தாளில் இரண்டையும் ஊழியரிடமே கேட்டு வாங்கினால் அதைப் பிரித்தறிய வழியில்லை.

சந்தோஷத்தை ஆராயும் இந்த உளவியல் துறை பெரிதாகச் சூடுபட்ட இடம் ஒன்று உண்டு. ஒரு எதிர்மறை உணர்வுக்குக் குறைந்தது 2.9013 நேர்மறை உணர்வுகள் இருந்தால் மனிதர் செழிப்பார் என்று 2005-ல் ஆய்வாளர்கள் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் மார்சியல் லோசாடாவும் எழுதினார்கள். மனித உணர்வை நான்கு தசம இடம் வரை! லோசாடா அதற்கு முன்பே 60 நிர்வாகக் குழுக்கள் கூடிப் பேசுவதைக் கவனித்து, பாராட்டு எத்தனை, குறை எத்தனை என்று எண்ணியிருந்தார். அதன்மேல் திரவ ஓட்டத்துக்கான லோரன்ஸ் சமன்பாடுகளைப் போர்த்திவிட்டார். பயிற்சி வகுப்புகளில் ‘மூன்றுக்கு ஒன்று’ என்று இது பரவியது. 2013-ல் நிக் பிரவுன் என்ற முதுகலை மாணவர், இயற்பியலாளர் ஆலன் சோகல், உளவியலாளர் ஹாரிஸ் ஃப்ரீட்மன் ஆகியோருடன் சேர்ந்து, அந்தச் சமன்பாடுகளுக்கு அங்கே வேலையே இல்லை என்று காட்டினார். கணிதப் பகுதி திரும்பப் பெறப்பட்டது.

அப்புறம், ஊழியர் நலத்துக்காக நிறுவனங்கள் நடத்தும் திட்டங்களின் பலன். 2024-ல் வில்லியம் ஃப்ளெமிங் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றிய தரவை அலசினார். மனநலச் செயலி, மன அழுத்தப் பயிற்சி போன்றவற்றில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட நலமாக இல்லை. தன்னார்வத் தொண்டு மட்டும் விதிவிலக்கு. ஆனால் இதுவும் ஒரு நேரத்துக் கணக்கெடுப்புதான். ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களே அதிகம் சேர்ந்திருக்கலாம். உங்கள் எச்ஆர் இப்படி ஒரு பயிற்சியைக் கொண்டுவந்தால், குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் சோதித்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.