ஜெர்சி மாடு எந்த ஊர் மாடு?

கேள்வி: என்னிடம் இரண்டு ஜெர்சி கலப்பு மாடுகள் இருக்கின்றன. ஒன்று மூன்றாவது ஈத்துக்கு நிறைசினை. எங்கள் ஊரில் ஒருவர், "அது மாடே இல்லை, பன்றி மரபணுவைக் கலந்து வெளிநாட்டில் செய்தது, அதனால்தான் திமில் இல்லை" என்கிறார். உண்மையா? இது எங்கிருந்து வந்த மாடு? விற்றுவிட்டுக் காங்கேயம் வாங்கலாமா?

பதில்: வணக்கம். விற்கிற யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். இந்தப் பன்றிக் கதை பல வருடமாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதை நம்பி நல்ல கறவையை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட யாராவது நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

உயிரணுவுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம். மாட்டுக்கு அது 60, பன்றிக்கு 38. இரண்டும் கலக்கவே கலக்காது. ஜெர்சிக்கும் 60, காங்கேயத்துக்கும் 60. அதனால்தான் இந்த இரண்டும் சேர்ந்து பிறக்கும் கிடேரி, வளர்ந்ததும் தானும் சினை பிடிக்கிறது.

திமில் விஷயத்துக்கு வருவோம். காட்டு மாட்டை மனிதன் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பழக்கினான். சிந்துவெளிப் பக்கம் பழக்கியது திமிலுள்ள நம் மாடு. மேற்காசியாவில் பழக்கியது திமில் இல்லாத மாடு. ஐரோப்பிய மாடுகள் எல்லாம் அந்த இரண்டாவது வழியில் வந்தவை. திமில் இல்லாதது குறை அல்ல, வம்சம் அப்படி.

ஜெர்சி என்பது ஒரு தீவின் பெயர். பிரான்ஸ் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி, இங்கிலீஷ் கால்வாயில் இருக்கிறது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர், அகலம் 8. ஒரு காலத்தில் பிரான்ஸ் கரையில் உள்ள நார்மண்டியின் பிரபுக்கள் கையில் இருந்தது. 1204-க்குப் பிறகு இங்கிலாந்து அரசரின் பக்கம் நின்றுவிட்டது. அங்கிருந்த மாடுகளும் எதிர்க்கரையில் இருக்கிற நார்மண்டி, பிரிட்டனி மாடுகளுக்குச் சொந்தம்தான்.

அது தனி இனமாக நிலைத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. அன்றைக்குத் தீவு மாட்டை வரி கட்டாமல் இங்கிலாந்துக்கு அனுப்பலாம். அதனால் வியாபாரிகள் பிரான்சிலிருந்து மலிவாக மாடு இறக்கி, தீவு மாடு என்று சொல்லி விற்க ஆரம்பித்தார்கள். 1763-இல் ஒரு தடை வந்தது. 1789-இல் அதைக் கடுமையாக்கினார்கள். திருட்டுத்தனமாக இறக்கினால் மாடு ஒன்றுக்கு 200 லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) அபராதம், படகு பறிமுதல். மாட்டை அங்கேயே வெட்டி, கறியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அன்றைக்கு மரபணு என்ற சொல்லே கிடையாது, ஆய்வுக்கூடமும் கிடையாது. தங்கள் மாட்டின் பேர் கெடக்கூடாது என்ற பிடிவாதம் மட்டும் இருந்தது.

அப்புறம் 1833-இல் அங்கே ஒரு விவசாயச் சங்கம் தொடங்கினார்கள். அப்போது அந்த மாடுகள் பால் நன்றாகக் கொடுத்தாலும் பார்க்க எலும்பும் தோலுமாக இருந்தன. கர்னல் ஜான் லெ கூட்டூர் என்பவர் முன்நின்று, நல்ல மாடு எப்படி இருக்க வேண்டும் என்று 1834-இல் மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். ஒரு மாட்டின் முன்பாதியையும் இன்னொரு மாட்டின் பின்பாதியையும் மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். 1866-இல் வம்சாவளிப் பதிவேடு வந்தது. தீவில் மேய்ச்சல் நிலம் குறைவு என்பதால் கொம்பில் கயிறு கட்டி, முளையடித்து, இடம் மாற்றி மாற்றி மேய்த்தார்கள். ஆள் கைப்பட்டே வளர்ந்ததால் பசுக்கள் சாது. காளை அப்படியில்லை, கவனம் தேவை.

வெளி மாட்டு விந்தை அனுமதிக்கவே 2008 வரை ஆனது. அதாவது 1789 முதல் 219 வருடம் அந்த மாட்டுக்கு வெளி ரத்தமே சேரவில்லை. ஆக, ஜெர்சி அந்தத் தீவுக்காரர்களின் நாட்டு மாடு.

உடம்பு சிறியது, தீனி குறைவு, ஃப்ரீசியன் என்கிற கறுப்பு வெள்ளைச் சீமை மாட்டைவிட வெயில் தாங்கும், பாலில் கொழுப்பு அதிகம். அதனால்தான் நம் மாநிலத்தில் சமவெளிக்கு ஜெர்சியும் மலைப்பகுதிக்கு ஃப்ரீசியனும் என்று பிரித்தார்கள். ஆனால் ஜெர்சி ரத்தத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பாதியில் நிறுத்துவது நல்லது, 62.5 சதவீதத்தைத் தாண்டினால் நம் வெயிலிலும் உண்ணியிலும் மாடு திணறும். அடுத்த சினை ஊசிக்கு முன்னால் மாட்டு டாக்டரிடம், கலப்பினக் காளையின் ஊசியா, தூய ஜெர்சியா என்று கேட்டுப் போடுங்கள்.

காங்கேயம் தாராளமாக வாங்குங்கள், மேய்ச்சலுக்குக் காடு இருந்தால். அது உழைப்புக்கு வந்த மாடு, சொசைட்டிக்கு ஊற்றும் பாலை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கினால் அதற்கு ஜெர்சி ஊசி மட்டும் போடாதீர்கள், காங்கேயம் காளைக்கே சேருங்கள். ஜெர்சித் தீவுக்காரர்கள் தங்கள் மாட்டைக் காத்தது அப்படித்தான்.

கடைசியாக, அந்த நிறைசினை மாடு. ஜெர்சி ரத்தத்துக்குப் பால் காய்ச்சல், அதாவது கன்று போடும் சமயத்தில் ரத்தத்தில் கால்சியம் குறைந்துபோகிற நோய், சீக்கிரம் வரும், அதுவும் மூன்றாம் ஈத்திலிருந்து. கன்று போட்ட மூன்று நாள் கண்ணை எடுக்காதீர்கள். நடை தள்ளாடினால், காது சில்லிட்டால், கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்தால் உடனே டாக்டரைக் கூப்பிட்டுக் கால்சியம் ஏற்றச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் விழுங்கும் சக்தி இருக்காது. வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும்.