ஃப்ளைவீலை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் வேகன் ஆர் பெட்ரோல் வண்டி இருக்கிறது. ஆறு மாதம் முன்பு கிளட்ச் செட் புதிதாக மாற்றினேன். ஆனாலும் முதல் கியரில் நகரும்போது வண்டி உதறுகிறது. சில நாள் காலையில் சாவி திருப்பினால் ‘கர்ர்ர்’ என்ற சத்தம் மட்டும் வரும், எஞ்சின் எடுக்காது. மெக்கானிக் ஃப்ளைவீல் மாற்ற வேண்டும் என்கிறார். நான் பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை நானே செய்து பழகியவன். இதையும் வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். பிரேக் ட்ரம், லோயர் ஆர்ம் எல்லாம் கழற்றிப் பழகிய கைக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஃப்ளைவீல் என்ற அந்தக் கனமான சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் சில போல்ட்டுகள், அவ்வளவுதான். ஆனால் அந்த போல்ட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸ் கீழே இறங்கியாக வேண்டும். கஷ்டமும் ஆபத்தும் அங்கேதான். அதற்கும் முன்பு, நிஜமாகவே ஃப்ளைவீல்தான் கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லைகளும் ஃப்ளைவீலின் இரண்டு வெவ்வேறு இடங்களைச் சேர்ந்தவை. உதறல், கிளட்ச் பிளேட் வந்து உரசும் முகத்தைச் சேர்ந்தது. ‘கர்ர்ர்’ சத்தம், ஓரத்தைச் சுற்றியிருக்கும் ரிங் கியர் பற்களைச் சேர்ந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் சின்னப் பல் சக்கரம் வந்து மாட்டுவது அந்தப் பற்களில்தான்.

பல் தேய்மானத்தை வண்டியைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். எஞ்சினை அணைத்ததும் அது நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஏதாவது ஒரு சிலிண்டர் காற்றை அழுத்த வரும்போது, அந்த எதிர்ப்பை மீற முடியாமல் அதற்குச் சற்று முன்னால் நின்றுவிடும். உங்கள் வண்டியில் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின். அதனால் ரிங் கியரின் முழு வட்டத்தில் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் ஸ்டார்ட்டர் வந்து மோதும், அந்த மூன்று இடங்கள் மட்டும் மொட்டையாகும். நான்கு சிலிண்டர் வண்டியென்றால் எதிரெதிரே இரண்டு இடம். அடுத்த தடவை அந்தச் சத்தம் வரும்போது சாவியை எடுத்துவிட்டு, சமதரையில் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, நாலாவது கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். எஞ்சின் சற்றே சுழன்று வேறு பற்கள் ஸ்டார்ட்டருக்கு நேராக வந்துவிடும். பிறகு நியூட்ரலில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே எடுத்தால் ரிங் கியரில்தான் கோளாறு. தள்ளினாலும் தள்ளாவிட்டாலும் அதே சத்தம் என்றால், முதலில் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அதன் பல்லைப் பாருங்கள். அது அரை மணி நேர வேலை.

உதறலுக்கு ஃப்ளைவீல் ஒரு காரணம் மட்டுமே. எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் அச்சு அசலாக இப்படித்தான் உதறும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்சை மெல்ல விட, இன்னொருவர் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று எஞ்சினைக் கவனிக்கட்டும். எஞ்சின் எகிறிக் குதித்தால் மவுண்டை மாற்றிவிட்டு அப்புறம் பேசுவோம். அடுத்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் மோந்து பாருங்கள். கந்தக வாடை மூக்கில் ஏறினால் கியர் ஆயில். கிளட்சிலிருந்து கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் எண்ணெய் சீல் போயிருக்கும். வாடை இல்லாமல் கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல். எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட் உதறாமல் இருக்காது. சீலை மாற்றாமல் புது ஃப்ளைவீல் போட்டால் பணம்தான் வீண்.

இரண்டும் இல்லையென்றால், போன தடவை பழைய ஃப்ளைவீலின் முகத்தைச் சரியாகப் பார்க்காமலேயே புது கிளட்ச் செட்டை மாட்டியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். இது ரொம்ப சாதாரணமாக நடப்பதுதான். முகத்தில் நீலம் பாரித்த திட்டுகள் இருந்தால், சூடேறி இறுகிய இடங்கள் அவை. புது பிளேட் அங்கே வழுக்கும், பக்கத்தில் பிடிக்கும். வண்டி உதறும்.

இன்னொன்று. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் வண்டியில் இருப்பது ஒரே வார்ப்பாக இருக்கும் கெட்டி ஃப்ளைவீல். நல்ல லேத் பட்டறையில் முகத்தை மெலிதாகச் சீவி நேராக்கித் தருவார்கள். ரிங் கியரையும் தனியாகக் கழற்றி, புதிதைச் சூடாக்கி இறக்கலாம். ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்து நீல நிறம் ஏறும்வரை காய்ச்சுகிற ஆளிடம் மட்டும் கொடுக்காதீர்கள், பற்களின் கடினம் போய்விடும். வெடிப்பு போல்ட் துளை வரைக்கோ ஓரம் வரைக்கோ ஓடியிருந்தால் சீவி உபயோகமில்லை, புதிதுதான். சுழலும் வேகத்தில் அது உடைந்து சிதறினால் கியர் பாக்ஸ் உறையையும் பிளந்துகொண்டு வரும். பல டீசல் வண்டிகளில் உள்ளே ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் இருக்கும். இந்தச் சீவும் வேலை அதற்கு ஆகாது. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். சிமென்ட் தரை, தரமான நான்கு ஜாக் ஸ்டாண்ட், ஒரு டிராலி ஜாக், முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல், கூட ஒரு ஆள். இதில் ஒன்று குறைந்தாலும் ஆரம்பிக்காதீர்கள். வீடு கட்டி மிஞ்சிய ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது விரிசல் விட்டுச் சொல்லிவிட்டு உடையாது, ஒரே நொடியில் பொடியாகும். அடியில் படுத்திருப்பது நீங்கள்.

பேட்டரி நெகடிவ் ஒயரை முதலில் கழற்றுங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும். அப்புறம் கியர் ஆயிலை வடித்துவிட்டு, பால் ஜாயின்ட்டைக் கழற்றி வீல் ஹப்பை வெளியே இழுத்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் வருவதற்கு இடம் கிடைக்கும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், ஜாயின்ட் உள்ளே பிரிந்துவிடும்; கியர் பாக்ஸ் பக்கம் நெம்பி எடுங்கள். கிளட்ச் கேபிள், கியர் லிங்க், சென்சார் ஒயர்கள், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் பாக்ஸ் மவுண்ட்டைக் கழற்றியதும் எஞ்சின் சாயும். ஆயில் சம்ப்புக்கு அடியில் அகலமான பலகை வைத்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அந்த மவுண்ட்டில் கை வைக்க வேண்டும். கியர் பாக்ஸை ஜாக்கியில் தாங்கியபடி, நேர்கோட்டில் எஞ்சினை விட்டு விலக்கி இறக்குங்கள். பாதி வந்த நிலையில் அதன் பாரம் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். மறுபடியும் உதறல்தான்.

கிளட்ச் செட்டையும் கழற்றி ஃப்ளைவீல் கண்ணில் பட்டதும் பெயின்ட்டால் கிராங்க்குக்கும் அதற்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். பல வண்டிகளில் அது ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். ரிங் கியர் பல்லில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிச் சுழலாமல் பிடிக்கும் பழக்கம் வேண்டாம், நல்ல பல்லும் போகும். கியர் பாக்ஸ் போல்ட் துளை ஒன்றில் சின்ன இரும்புப் பட்டையை மாட்டி, அதன் முனை பல்லிடுக்கில் உட்காரும்படி செய்தால் போதும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கை அடியில் இருக்கட்டும். உங்கள் முகத்தின் மேல் விழுந்தால் தாங்கக்கூடிய எடை இல்லை அது.

புதிது வாங்கினால் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்: விட்டம், பற்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகள். சில வண்டிகளில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலில் உள்ள வெட்டிலிருந்துதான் எஞ்சின் சுழற்சியைக் கணக்கு எடுக்கும். அந்த வெட்டு மாறினால் எஞ்சினே எடுக்காது. இவ்வளவு தூரம் வந்தபின் பின்பக்க சீலை மாற்றாமல் விடுவது கஞ்சத்தனம். கிராங்க் முகத்தில் ஒரு துகள் துரு ஒட்டியிருந்தாலும் ஃப்ளைவீல் கோணலாக உட்காரும், ஆகவே துடைத்து விரல் நுனியால் தடவிப் பாருங்கள். போல்ட்டுகள் புதிதாகவே இருக்கட்டும். கையால் முடுக்கிவிட்டு, எதிரெதிராக இரண்டு மூன்று சுற்றில் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் ஏற்றுங்கள். கழற்ற இம்பாக்ட் கன் பரவாயில்லை, முடுக்க அது கூடாது. கோணலை அளக்கும் டயல் கேஜ் கிடைத்தால் ஃப்ளைவீலை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பொதுவாக 0.2 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது.

துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெய் புது ஃப்ளைவீலில் இருக்கும். பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தமான துணியில் துடைத்த பிறகு அந்த முகத்தைக் கையால் தொடாதீர்கள். கிளட்ச் பிளேட்டில் எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பொறித்திருக்கும். பிளேட்டை நடுமையத்தில் நிறுத்த, இன்புட் ஷாஃப்ட் போலவே இருக்கும் டம்மி ஷாஃப்ட் வேண்டும். காயலான் கடையில் அதே மாடலின் பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆறு மாதத்துப் பிளேட்டில் எண்ணெய் படாமல், நீலத் திட்டும் இல்லாமல் இருந்தால் அதையே மாட்டலாம்.

கியர் பாக்ஸை ஏற்றும்போதுதான் பொறுமை போகும். ஒரு விரல் இடைவெளி மிச்சம் இருக்கும், உள்ளே போகாது. அந்த நேரத்தில் போல்ட்டை மாட்டி முடுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். போல்ட் மாட்டும் அலுமினியக் காது ‘டக்’ என்று உடையும், புது கியர் பாக்ஸ் உறைக்கு அலைய வேண்டிவரும். டாப் கியரில் போட்டு, கியர் பாக்ஸின் இரண்டு டிரைவ் ஷாஃப்ட் பக்கங்களையும் ஒரே திசையில் மெல்லச் சுழற்றுங்கள். ஜாக்கியை ஒரு நூல் ஏற்றி இறக்குங்கள். இன்புட் ஷாஃப்ட்டின் பற்கள் கிளட்ச் பிளேட்டில் பொருந்தியதும் தானாக உள்ளே போய், இரண்டையும் நேராக நிறுத்தும் டவல் பின்னில் உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் போல்ட்.

மேனுவல் சொல்லும் கியர் ஆயிலை மறக்காமல் ஊற்றுங்கள். வடித்ததை மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பியவர்கள் உண்டு. கிளட்ச் பெடலில் மேனுவல் சொல்லும் அளவு வெற்றாட்டம் (கிளட்ச் அசையத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) வரும்படி கேபிளை வையுங்கள். வெற்றாட்டமே இல்லாமல் இறுக்கினால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் ஓயாமல் உரசி, பிளேட் வழுக்கத் தொடங்கும். முதல் ஸ்டார்ட்டின்போது சக்கரங்கள் இன்னும் தரையைத் தொடாமல் இருக்கட்டும். எல்லாக் கியரும் சத்தமில்லாமல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் மேட்டில் கிளட்சில் நிறுத்திப் பிடிப்பது, பாரம் ஏற்றுவது இரண்டும் வேண்டாம்.