துடைப்பமும் பொன்னாடையும்

அன்புள்ள ஐயா,

போச்சம்பள்ளிக்கு அருகில் வசிக்கிறேன். என் மாமியார் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பல ஆண்டுகளாக விடியற்காலையில் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து, பீடத் துணிகளைத் துவைத்துக் கொடுத்து வருகிறார். கூலி வாங்கியதில்லை. சென்ற திருவிழாவில் நன்கொடையாளர்களுக்கெல்லாம் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நான் கொதித்தேன். அவரோ சிரித்துக்கொண்டே எச்சில் இலைகளை எடுக்கப் போய்விட்டார். தாழ்மை, தன்னலமற்ற பணி என்று மறையுரையில் சொல்வதெல்லாம் எளியவர்களிடம் சம்பளமில்லாமல் வேலை வாங்கத்தானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. மாமியாரின் சிரிப்பைக் காட்டி அதை அடக்க நான் விரும்பவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியக் கூடாது என்று இயேசு சொன்னது கொடுப்பவருக்கு. பெற்றுக்கொண்டவர்கள் மறந்துவிடலாம் என்பதற்கு அதில் அனுமதி கிடையாது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல், கனமான இறையியலை எல்லாம் முடித்த கையோடு, உங்களுக்காக மிகவும் உழைத்த மரியா என்றும், எனக்கும் தாயாக இருந்த ரூபுவின் தாய் என்றும் ஒவ்வொருவராக நினைவுகூர்ந்து வாழ்த்துகிறார். அந்த அம்மையார் பவுலுக்கு என்ன செய்தார் என்று எழுதப்படவில்லை. சோறு போட்டிருப்பார், துணி துவைத்திருப்பார் என்பது என் ஊகம்.

சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தில்தான் உங்கள் பங்கும் இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதுபவர்கள் ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் கட்டடங்களையும் விடமாட்டார்கள். மழை பொய்த்த ஆண்டுகளிலும் கோவில் வாசலில் தெளிக்கக் குடம் சுமந்தவர்களுக்கு ஒரு வரி கிடைக்குமா என்பது ஐயமே.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவியவர் அந்த அறையின் வேலைக்காரர் அல்லர், போதகராகிய இயேசு. ஆகவே தாழ்மை என்பது மேடையில் இருப்பவர் இறங்குவதற்காகச் சொல்லப்பட்டதே தவிர, ஏற்கெனவே தரையில் இருப்பவர் அங்கேயே இருப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. உங்கள் மாமியாரின் அன்பு வேறு வகை. இறுதித் தீர்ப்பைப் பற்றிய உவமையில், பசியாய் இருந்த தமக்கு உணவு கொடுத்ததாக அரசர் சொல்லும்போது நேர்மையாளர்கள், உம்மைப் பசியுள்ளவராக எப்போது கண்டோம் என்று வியந்து கேட்கிறார்களே, அவர்களைப் போல அவரும் கணக்கு வைத்துக்கொள்ளாதவர். அது அவர் மனமுவந்து தருவது. தந்தே ஆக வேண்டும் என்று பங்கு எதிர்பார்க்க முடியாது.

அவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. மேடையேறியவர்கள் வீட்டிலிருந்தும் முறைவைத்து ஆட்கள் வந்து துடைப்பம் எடுக்கட்டும். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வழி திறந்துவிட்டதால், அந்த வரிசையில் அவரை அமர்த்தும்படி பங்குத்தந்தையிடம் நீங்கள் கேட்கலாம். இயேசு தம் பாதங்களைக் கழுவ வந்தபோது முதலில் மறுத்த சீடர் பேதுருவைப் போல அவரும் முதலில் மறுப்பார். முறைப் பட்டியலைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேசும்போது மட்டும் அவருக்காகக் கேட்பதாகச் சொல்லாதீர்கள். அது அவருக்குப் பிடிக்காது.